வீட்டிலேயே கார் வேலை பார்க்க ஜாக்கும் ஸ்பேனரும் போதுமா?

பத்து ஆண்டு ஓடிய பெட்ரோல் காரில் எஞ்சின் ஆயிலையும் முன்சக்கர பிரேக் பேடுகளையும் நீங்களே மாற்ற விரும்புகிறீர்கள். வண்டியோடு வந்த ஜாக்கும் ஒரு ஸ்பேனர் செட்டும் அதற்குப் போதுமா என்று கேட்கிறீர்கள். எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0171 என்ற பழுதுக் குறியீடு வருகிறது, ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடலாமா என்பது இரண்டாவது கேள்வி. முடிக்கும்போது, “எதைத் தொடவே கூடாது என்றும் சொல்லுங்கள்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியின் உயிர் அந்தக் கடைசி வரியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. நட்டைக் கழற்றுவது எப்படி என்பதைக் காணொளிகள் நன்றாகவே காட்டிவிடுகின்றன. கழற்றும் நேரத்தில் அந்த நட்டு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் அவை பெரும்பாலும் சொல்வதில்லை.

பெட்ரோல், டீசல் கார்களில் நீண்ட காலம் பணிமனை வேலை பார்த்ததையும், வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையும் வைத்து எழுதுகிறேன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. எனவே இங்கே நான் தரும் எண்களெல்லாம் வழக்கமான வரம்புகள். உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் கையேடு சொல்வதே சரி. மின்சார வாகனங்களின் உயர் மின்னழுத்தப் பகுதி நான் பயிற்சி பெறாத துறை; அதைப் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கைக்கு மேல் எதுவும் சொல்லப் போவதில்லை.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு பாகத்தைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: இதற்குள் என்ன ஆற்றல் அடங்கியிருக்கிறது? எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துவிட்டாலும் வண்டி முழுமையாக ஓய்ந்துவிடுவதில்லை. தூக்கி நிறுத்திய எடை, சுருங்கி நிற்கும் சுருள்வில், சூடான கூலண்டின் அழுத்தம், எரிபொருள் குழாயின் அழுத்தம், பேட்டரியின் மின்சாரம், ஏர்பேக்கில் இருக்கும் வெடிபொருள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அந்த ஆற்றலை முறையாக விடுவிக்கத் தெரியும் என்றால், அதற்கான கருவியும் இருக்கிறது என்றால், அந்த வேலையை நீங்கள் செய்யலாம். தெரியாது என்றால், அது நான்கே போல்ட் உள்ள வேலையாக இருந்தாலும் தள்ளி வைப்பதுதான் சரி. ஒரு வேலை எளிதா கடினமா என்பதை வைத்து அதன் ஆபத்தை அளக்க முடியாது. டேஷ்போர்டைக் கழற்றிச் சிறு பல்பை மாற்றுவது உயிரை வாங்கும் அளவுக்குச் சிரமமான வேலை, ஆபத்து குறைவு. சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவது அரை நிமிட வேலை, ஆபத்து மிக அதிகம்.

ஆகவே முதலில் ஜாக். வண்டியோடு வரும் ஜாக் வழியில் பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்காக மட்டும் கொடுக்கப்படுவது. அதன் அடிப்பாகம் குறுகலானது. பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே சாயும். பணிமனைகளில் இருக்கும் ஹைட்ராலிக் ஜாக்கும் தூக்குவதற்கான கருவிதான், தாங்குவதற்கானது அன்று. உள்ளே ஒரு சீல் கசிந்தால் மெதுவாகவோ சட்டென்றோ இறங்கிவிடும். எனவே உடலின் எந்தப் பகுதியையும் வண்டிக்கு அடியில் கொண்டுபோவதாக இருந்தால், வண்டியின் எடைக்கு ஏற்ற ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு, அதாவது தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் தாங்கிகள், கட்டாயம் வேண்டும். இதற்கு விதிவிலக்கே கிடையாது. செங்கல், உள்ளீடற்ற சிமென்ட் கல் ஆகியவை அந்த இடத்துக்கு உதவாது. அவை வளைந்தோ நசுங்கியோ முன்னறிவிப்புத் தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வெயிலில் இளகிய தார்த்தளத்தில் ஸ்டாண்டின் கால்கள் இறங்கும். மண்தரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கை பிரேக்கைப் போட்டிருக்கிறேனே, கியரிலும் விட்டிருக்கிறேனே, சக்கரத்துக்குக் கட்டை எதற்கு என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலான கார்களில் கை பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கியதும், அது தரையில் இல்லாத சக்கரங்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கியர் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் பாதி உண்மைதான். முன்சக்கரங்களால் ஓடும் வண்டியில் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் பற்சக்கர அமைப்பு வழியாக அந்தச் சக்கரம் அந்தரத்தில் ஒரு பக்கமாகச் சுற்ற, தரையில் இருக்கும் மற்ற முன்சக்கரம் எதிர்ப்பக்கமாக உருளும். ஆட்டோமேட்டிக்கில் ‘பி’ நிலையில் வைத்திருந்தாலும் இதேதான். எனவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடுங்கள். கையேட்டில் குறித்திருக்கும் தூக்குமிடத்தில் மட்டும் ஜாக்கை வையுங்கள். ஆயில் தொட்டியோ மெல்லிய தளத்தகடோ எடையைத் தாங்காது. ஸ்டாண்டில் இறக்கிய பிறகு, உள்ளே போகும் முன், வண்டியை இடுப்பால் நன்றாக இடித்து ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைக் கதவுக்குக் கீழே படுக்கவைத்துவிட்டால் கூடுதல் பாதுகாப்பு.

ஆயில் மாற்றுவது தொடங்குவதற்கு நல்ல வேலை. எஞ்சின் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது வேண்டாம்; ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியவிடுங்கள். அந்த ஐந்து நிமிடம்கூட மூடிய கொட்டகைக்குள் ஓடவிட வேண்டாம். புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைப் பாதி திறந்து வைப்பது போதிய காற்றோட்டம் ஆகாது. இந்த வேலையில் ஆளைக் கவிழ்ப்பவை மூன்று. முதலாவது, எஞ்சின் ஆயிலை வடிக்கும் போல்ட்டுக்குப் பதிலாக கியர்பாக்ஸ் போல்ட்டைக் கழற்றிவிடுவது. கீழிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். அப்படிக் கழற்றியவர் வடிந்தது எஞ்சின் ஆயில் என்று நினைத்து, ஏற்கெனவே நிறைந்திருக்கும் எஞ்சினில் இன்னும் நான்கு லிட்டரை ஊற்றிவிட்டு, கியர் ஆயிலே இல்லாமல் வண்டியை ஓட்டுவார். இரண்டாவது, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது. அதன் மேல் புதிய ஃபில்டரை மாட்டினால் இரட்டை வளையம் அழுத்தம் தாங்காமல் பிதுங்கி, சில கிலோமீட்டருக்குள் ஆயில் முழுவதும் சாலையில் கொட்டும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயில் வளையம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். மூன்றாவது, ஆயில் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி, அலுமினியத் தொட்டியின் மரையைக் கெடுத்துவிடுவது. புதிய ஃபில்டரின் வளையத்தில் சிறிது ஆயில் தடவி, அது எஞ்சினின் பரப்பைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று முறுக்கினால் பொதுவாகப் போதும். எஞ்சினை இயக்கி ஆயில் அழுத்த விளக்கு அணைவதைப் பாருங்கள். பிறகு அணைத்து, சில நிமிடம் கழித்து அளவுக்கோலில் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறுதான். கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை அழுத்தத்தைத் தாங்காது. பழைய ஆயிலில் புற்றுநோயை உண்டாக்கும் சேர்மங்கள் இருக்கின்றன என்பது உறுதியான செய்தி. நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.

மரை பற்றிச் சொன்னதால் குறித்த அளவு திருகுவிசையில் முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கருவிப் பட்டியலில் அது இல்லை. போல்ட்டை முறுக்கும்போது நாம் கொடுக்கும் திருகுவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து விறைப்பாக்கப் பயன்படுகிறது. மிச்சமெல்லாம் போல்ட் தலைக்குக் கீழும் மரையிலும் உராய்வைச் சமாளிப்பதிலேயே போய்விடுகிறது. இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு உண்டு. உலர்ந்த மரைக்கென்று சொல்லப்பட்ட அளவை, ஆயிலோ கிரீஸோ தடவிய மரையில் பயன்படுத்தினால், உராய்வு குறைந்த அளவுக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும். ரெஞ்ச் சரியான எண்ணில் ‘டக்’ என்று ஒலித்தாலும் போல்ட் அளவு கடந்திருக்கும். அதனால்தான் சக்கரப் போல்ட்டுகளில் ஆயில் தடவாதீர்கள் என்று கையேடுகள் பொதுவாகச் சொல்கின்றன. சிறிய, நடுத்தரக் கார்களின் சக்கர நட்டுகளுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை வழக்கம். ஆயில் போல்ட்டுக்கு 25 முதல் 40 வரை. நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள். டார்க் ரெஞ்சால் இறுகிய நட்டைத் தளர்த்த வேண்டாம், வேலை முடிந்ததும் அதன் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வையுங்கள். “இவ்வளவு நியூட்டன் மீட்டர், அதன்பின் 90 டிகிரி” என்று கையேட்டில் இருந்தால், அந்தப் போல்ட் நிரந்தரமாக நீளும்படி வடிவமைக்கப்பட்டதாகப் பெரும்பாலும் இருக்கும். அத்தகையவற்றைப் பல தயாரிப்பாளர்கள் மறுபடி பயன்படுத்த அனுமதிப்பதில்லை.

பிரேக் பேட் விஷயத்தில் பணிமனைக்காரர்களிடையே இரண்டு கட்சி உண்டு. கற்றுக்குட்டிகள் பிரேக்கைத் தொடவே கூடாது என்பார்கள் சிலர். அது நான்கு போல்ட் வேலைதானே என்பார்கள் சிலர். என் கருத்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஹைட்ராலிக் குழாயைத் திறக்காத வரைக்கும், பொறுமையுள்ள ஒருவர் முன்சக்கர டிஸ்க் பேடுகளைப் பாதுகாப்பாக மாற்றலாம். குழாயைத் திறந்து காற்றை வெளியேற்றும் வேலைக்கு வந்துவிட்டால், குறிப்பாகச் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில், முதல் முறை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மின்சாரக் கை பிரேக் உள்ள பின்சக்கரங்களை, மோட்டாரைப் பின்னிழுக்கும் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் தொடவே வேண்டாம். பேடை அழுத்தும் பிஸ்டனைப் பலவந்தமாகத் தள்ளினால் உள்ளிருக்கும் மோட்டார் அமைப்பு உடையும்.

பழைய பேடுகளைக் கழற்றியதும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவை நிறையச் சொல்லும். பேடுகளை டிஸ்கின் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பாகம் காலிப்பர்; பெரும்பாலான கார்களில் இருக்கும் மிதக்கும் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே இருக்கும். வெளிப் பேடை அழுத்துவது காலிப்பர் தன் வழிகாட்டிப் பின்களில் நகர்வதால் நடக்கிறது. உட்பேடு தகடு தெரியத் தேய்ந்தும் வெளிப்பேடு பாதிக்கு மேல் மிச்சமாகவும் இருந்தால், அந்தப் பின்கள் இறுகிவிட்டன என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று உள்ள கிரீஸைத் தடவாமல் புதிய பேடை மாட்டினால், அதுவும் அதே மாதிரி கோணலாகத் தேயும். சாதாரண கிரீஸ் கூடாது. பெட்ரோலியம் சார்ந்த எண்ணெய் பிரேக்கின் ரப்பர் பாகங்களை ஊதவைத்துக் கெடுக்கும். உராய்வுப் பொருள் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பேடை மாற்றுவது நல்ல பழக்கம். டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் புதிய பேடு மட்டும் போதாது. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மாற்றுவதும் வேண்டாம், இடமும் வலமும் சேர்ந்தே மாற வேண்டும்.

காலிப்பரை அதன் ரப்பர் குழாயில் தொங்கவிடாதீர்கள். ஒரு கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டி வையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் மேலே பிரேக் ஆயில் குப்பியைப் பாருங்கள். தள்ளும்போது மட்டம் உயரும், வழிந்தால் வண்டியின் வண்ணப்பூச்சை அரித்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அது கொதித்து ஆவியானால் மிதி தரையைத் தொடும். அதனால்தான் மாதக்கணக்கில் திறந்து கிடந்த பாட்டிலிலிருந்து ஊற்ற வேண்டாம் என்கிறோம். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் சார்ந்தவை. டாட் 5 மட்டும் சிலிக்கோன், அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பேடு தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதே வழி. குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் வெல்டிங் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு, வண்டியை ஓர் அடிகூட நகர்த்தும் முன், பிரேக் மிதியைப் பலமுறை அழுத்துங்கள். முதல் அழுத்தலில் மிதி தரை வரை போகும். பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பதால் அது இயல்பே. மிதி கெட்டியாகும் வரை அழுத்தாமல் ரிவர்ஸ் போட்டு, சுவரிலோ கேட்டிலோ இடித்தவர்கள் பலர். நான்கைந்து அழுத்தலுக்குப் பிறகும் மிதி பஞ்சாகவே இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

இப்போது பி0171. இந்தக் குறியீட்டின் பொருள், முதல் வரிசை சிலிண்டர்களில் கலவை நீர்த்திருக்கிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லை என்பது. இதுவரைக்கும் உறுதி. அதற்கு மேல் அந்தக் குறியீடு எதையும் சொல்வதில்லை. புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் செய்தி கொண்டுவந்த ஆள். அதை மாற்றினால் செய்தி மாறிவிடும் என்று எதிர்பார்ப்பது பெரும்பாலும் வீண் செலவு. காற்றளவு சென்சாருக்குப் பிறகு எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், அந்தச் சென்சாரே அழுக்காகியிருக்கலாம், எரிபொருள் அழுத்தம் குறைந்திருக்கலாம், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்து வெளிக்காற்றை உறிஞ்சலாம். சென்சார் பழுதாகவே இருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை; வரிசையில் அது பின்னால் நிற்கிறது. உங்கள் ஸ்கேனர் எரிபொருள் திருத்தத்தின், அதாவது எஞ்சின் கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதன், சதவீதத்தைக் காட்டுமானால் அதைப் பாருங்கள். கூட்டல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் ஐடிலில் மிக அதிகமாக இருந்து, நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிடிக்கும்போது இயல்புக்கு இறங்கினால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். மாறாக, வேகமும் பாரமும் கூடும்போது திருத்தமும் கூடிக்கொண்டே போனால் எரிபொருள் பக்கமோ காற்றளவு சென்சாரோதான் சந்தேகத்துக்குரியவை. கசிவைக் கண்டுபிடிக்கச் சூடான எஞ்சின் மேல் எளிதில் தீப்பற்றும் ஸ்பிரேயை அடிக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள்; அது பலன் தரும் முறைதான், ஆனால் தீப்பிடிக்கும் முறையும் அதுவே. பணிமனையில் புகை செலுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னத் தொடங்கினால் கதை வேறு: சிலிண்டர் எரியாமல் தவறுகிறது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும், ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

கழற்றத் தொடங்கும் முன் மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் எடுத்து வையுங்கள். பேட்டரியில் எப்போதும் எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். நேர்முனையில் இருக்கும் ஸ்பேனர் உடல்தகட்டில் பட்டாலும் அப்போது தீப்பொறி பறக்காது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்க வேண்டாம். உள்ளே ஏறத்தாழ ஒரு பார் கூடுதல் அழுத்தம் இருப்பதால்தான் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அத்தனையும் கொதித்து முகத்துக்கு வரும். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நஞ்சும்கூட. குழந்தைகளும் விலங்குகளும் எட்டும் இடத்தில் அது தேங்கிக் கிடக்கக் கூடாது.

தொடவே கூடாதவை என்று கேட்டீர்கள். ஸ்டியரிங்குக்குள்ளும் டேஷ்போர்டிலும் இருக்கும் ஏர்பேக், அதன் மஞ்சள் நிற இணைப்பிகள். அவற்றில் மல்டிமீட்டரின் ஓம் அளவையை வைப்பதும் கூடாது, அந்தச் சிறு மின்னோட்டமே வெடிக்கவைக்கலாம். முன் சஸ்பென்ஷனின் மேல் நட்டு. சுருள்வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் அதைக் கழற்றினால் வில் குண்டுபோல் பாயும். ஏசி வாயு; அதை மீட்டெடுக்கத் தனி இயந்திரம் வேண்டும், தோலில் பட்டால் உறையவைக்கும். ஹைபிரிட், மின்சார வாகனங்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள். அவற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது. நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் எஞ்சின்களின் உயரழுத்தக் குழாயில் 200 பாரும் அதற்கு மேலும் இருக்கும். நவீன டீசலில் 2000 பாரைத் தொடும். அதன் கசிவைக் கையால் தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இராது. ஆனாலும் அது உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம், தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும். அப்படி நடந்தால் மருத்துவமனையில் “எரிபொருள் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஜாக்கும் ஸ்பேனரும் போதாது. ஒரு ஜோடி ஸ்டாண்டு, சக்கரக் கட்டைகள், டார்க் ரெஞ்ச், கண் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, எரிபொருள் தீக்கு ஏற்ற உலர் பொடி அணைப்பான், உங்கள் மாடலின் கையேடு ஆகியவை சேர்ந்தால் ஆயில் வேலையை இந்த வாரமே தொடங்கலாம். பேடு வேலையை அதற்கு அடுத்து, பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாத நாளில், கூப்பிட்டால் குரல் கொடுக்கும் தூரத்தில் யாராவது இருக்கும்போது செய்யுங்கள். பி0171 குறித்து மறுபடி எழுதுவதாக இருந்தால், எஞ்சின் அளவு, ஓடிய கிலோமீட்டர், ஐடிலிலும் 2500 சுற்றிலும் எரிபொருள் திருத்த அளவுகள், குறியீடு பதிவான நேரத்தில் ஸ்கேனர் சேமித்த வேகம், வெப்பநிலை ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அவை இருந்தால் எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்று இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியும்.